பிஎஸ்4ல் தி சிம்ஸ் 4: எது கோளாறு, எங்கே கை வைப்பது

மலேசியாவில், எங்கள் சுங்கை சிப்புட்டில் பள்ளி விடுமுறை தொடங்கிவிட்டால் என் கைப்பேசிக் கடைக்கு வரும் கேள்விகளில் பாதி கைப்பேசியைப் பற்றியவையாக இருக்காது. "அக்கா, சிம்ஸ் ரோசாக் ஆயிருச்சு" என்று பிள்ளைகள் வந்து நிற்பார்கள். சிம்ஸ் என்பது வீடு கட்டி, சிம் என்ற திரை மனிதர்களைக் குடிவைத்து வாழ்க்கை நடத்தும் விளையாட்டு; ரோசாக் என்றால் மலாயில் கெட்டுப்போனது. அவர்கள் ரோசாக் என்று சொல்வதில் சிலது உண்மையிலேயே கோளாறு. சிலது கோளாறே இல்லை. மேசைக் கணினிக்கென்று செய்த விளையாட்டைத் தொலைக்காட்சிக்கு முன்னால் கொண்டுவந்து வைத்தபோது விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தவை அவை. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாததால்தான் விளையாட்டை அழித்து அழித்து ஏற்றுகிறார்கள். அப்பாவின் டேட்டா ஒரே நாளில் தீர்ந்துபோகிறது. ஒரு பையன் பிஎஸ்4ஐயே, அதாவது தொலைக்காட்சியில் செருகி விளையாடும் பிளேஸ்டேஷன் 4 கன்சோலையே, முழுதாகத் துடைத்துவிட்டான். எட்டு மாதம் கட்டிய ஊர் அதோடு போயிற்று. அவன் முகத்தைப் பார்த்த பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

தி சிம்ஸ் 4 கணினிக்கு வந்தது 2014 செப்டம்பரில். பிஎஸ்4க்கும் எக்ஸ்பாக்ஸ் ஒன்னுக்கும் வந்தது 2017 நவம்பரில். 2022 அக்டோபரிலிருந்து அடிப்படை விளையாட்டு இலவசம், அதோடு சேர்த்துக்கொள்ளும் கூடுதல் தொகுப்புகளான பேக்குகளுக்குத்தான் காசு. இங்கே பெரும்பாலான வீடுகளில் இருப்பது பிஎஸ்4 என்பதால் அதை வைத்தே சொல்கிறேன். உங்கள் வீட்டில் தெரியும் அறிகுறி எதுவோ அதற்கு நேராகப் போங்கள். எதில் கை வைப்பதற்கு முன்னாலும் விளையாட்டுக்குள் "சேவ் ஆஸ்" கொடுத்து வேறு பெயரில் ஒரு பிரதி எடுத்துவிடுங்கள்.

"வீட்டில் இனி எதுவும் வைக்க முடியவில்லை"

இது கோளாறு இல்லை. அதிகம் பேர் அழுவதும் இதற்குத்தான், அதனால் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

இரண்டாம் படிவம் படிக்கும் ஒரு பெண் பிள்ளை தன் பாட்டி வாழ்ந்த தோட்டத்து லயத்தை, தொழிலாளர்களின் வரிசை வீட்டை, விளையாட்டில் கட்டிக்கொண்டிருந்தாள். ஃபார் ரென்ட் என்று 2023 டிசம்பரில் ஒரு பேக் வந்தது. தென்கிழக்காசிய ஊர்களை மனத்தில் வைத்துச் செய்த தொமராங் என்ற உலகம் அதில் இருக்கிறது, இரவுச் சந்தைகூட உண்டு. ஒரே மனையில் 6 குடித்தனம் வரை வைக்கலாம். லயம் கட்ட இதைவிட வசதி வேறென்ன வேண்டும்? ஒரே கூரை, ஆறு வாசல். பாட்டி சொல்லச் சொல்ல ஒவ்வொரு வீட்டிலும் சாமான் வைத்திருக்கிறாள். தண்ணீர்த் தொட்டிக்குப் பதில் ஒரு பெரிய பூந்தொட்டி, சாமி படத்துக்குப் பதில் ஒரு சின்ன ஓவியம், வாசலில் மண் படிந்த காலணி. நாலாவது வீட்டுக்கு வந்ததும் விளையாட்டு மறுத்துவிட்டது. பணம் இருக்கிறது, இடம் இருக்கிறது, ஆனால் நாற்காலி இறங்கவில்லை.

காரணம் இதுதான். பிஎஸ்4ல் இருப்பது 8 ஜிபி நினைவகம். படத்தை வரைவதற்கும், சிம்கள் என்ன நினைக்கிறார்கள் என்று கணக்குப் போடுவதற்கும், கன்சோலின் சொந்த வேலைக்கும் அந்த ஒன்றைத்தான் பங்கு போட வேண்டும். கணினியில் மூச்சு முட்டினால் ஈப்போவுக்குப் போய் இன்னொரு ரேம் வாங்கிச் செருகலாம். பிஎஸ்4ல் அது முடியாது. அதனால் ஒரு மனைக்கு இத்தனை பொருள்தான் என்று எல்லை போட்டுவிட்டார்கள். இது புதுப் பழக்கமும் இல்லை. 2010ல் கன்சோலுக்கு வந்த சிம்ஸ் 3ல் ஒரு மீன் தொட்டிப் படம் இருக்கும். நீங்கள் பொருள் வைக்க வைக்க அதில் தண்ணீர் ஏறும், நிரம்பினால் அவ்வளவுதான்.

விளையாட்டின் விதியைத் தளர்த்தும் ரகசியக் கட்டளைகளைச் சீட் என்பார்கள். பணம் ஏற்றும் சீட் போட்டால் எல்லை நகராது. பொருளை எங்கு வேண்டுமானாலும் வைக்கவிடும் "மூவ் ஆப்ஜெக்ட்ஸ்" சீட் போட்டாலும் நகராது. அது இடத்துக்கான விதியைத்தான் தளர்த்தும், எண்ணிக்கையை அல்ல.

அப்புறம் என்ன செய்வது? நாங்கள் இருவரும் முதல் வீட்டு அடுப்படியில் இருந்தவற்றை எண்ணினோம். அந்த ஒரு சின்ன அறையில் மட்டும் 31 பொருள். தட்டு தனி, கிண்ணம் தனி, கரண்டி தனி. நான்கைந்து பாத்திரங்கள் சேர்ந்து ஒரே பொருளாக வரும் அலங்காரத் தட்டு ஒன்று கட்டலோகில் இருக்கிறதா என்று தேடினோம். இருந்தது. 31 என்பது 12 ஆகிவிட்டது, பார்வைக்குப் பெரிய வித்தியாசம் இல்லை. வெளியே புல்லும் செடியும் ஒவ்வொன்றாக நட்டிருந்தாள். அவற்றை எடுத்துவிட்டுத் தரையில் நிலப் பூச்சுத் தூரிகையால் புல் நிறம் அடித்தோம். பூச்சு பொருள் கணக்கில் வராது. கடைசி இரண்டு வீட்டைப் பூட்டிய வீடாக விட்டு உள்ளே ஒன்றும் வைக்கவில்லை. அது பாட்டியின் யோசனை. லயத்தில் எப்போதும் ஒன்றிரண்டு வீடு காலியாகத்தான் கிடக்கும் என்றார்.

இன்னும் இடம் போதவில்லை என்றால், பக்கத்து மனையில் கோயிலையும், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகையையும் தனியாகக் கட்டுங்கள். எல்லை மனைக்கு மனை தனி.

"பட்டனைத் தட்டினால் தாமதமாக நகர்கிறது"

முதலில் பார்க்க வேண்டியது தொலைக்காட்சியை. தொலைக்காட்சி படத்தை மெருகேற்றிக் காட்ட எடுத்துக்கொள்ளும் நேரம்தான் பல வீடுகளில் தாமதம். தொலைக்காட்சி மெனுவில் கேம் மோட் இருக்கும், அதைப் போடுங்கள். பாதிப் பேருக்கு இதோடு வேலை முடிந்தது.

அது சரியாகியும், வீட்டில் கூட்டம் சேரும்போது மட்டும் இழுக்கிறது என்றால் அது வேறு. ஒவ்வொரு சிம்முக்கும் பசி, தூக்கம், சுத்தம், கழிப்பறை, பொழுதுபோக்கு, பேச்சுத் துணை என்று ஆறு தேவைகள். நீங்கள் கை வைக்காத சிம்கூட அடுத்து என்ன செய்யலாம் என்று தானே முடிவெடுக்கும். இந்த யோசனை முழுவதும் பிராசசரின் வேலை, பிஎஸ்4ன் பிராசசர் 2013ஆம் ஆண்டு சரக்கு. 8 பேர் குடும்பம் வைத்து, அதற்கு மேல் தீபாவளி விருந்துக்கு ஊரையே கூப்பிட்டால் அது திணறத்தான் செய்யும். விருந்தாளிகளைக் குறையுங்கள்.

நாள் போகப் போக மெதுவாகிறது என்றால் காரணம் பெரும்பாலும் ரெஸ்ட் மோட். பிள்ளைகள் கன்சோலை அணைப்பதே இல்லை, உறங்க வைத்துவிட்டு மறுநாள் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறார்கள். விளையாட்டு நாள்கணக்கில் நினைவகத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. சேவ் செய்து, பிஎஸ் பட்டனால் முகப்புத் திரைக்குப் போய், ஆப்ஷன்ஸ் பட்டனை அழுத்தி விளையாட்டை மூடி, பிஎஸ்4ஐ முழுதாக அணைத்து ஏற்றுங்கள்.

"ஒரு சுவர் போடுவதற்குள் கை வலிக்கிறது"

உண்மைதான். சுட்டியால் ஒரு இழுப்பில் முடியும் வேலைக்குக் கண்ட்ரோலரின் கட்டைவிரல் குச்சியைத் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். இந்த விளையாட்டு சுட்டிக்கென்றே பிறந்தது. அதனால்தான் கன்சோலுக்கு வந்த ஒவ்வொரு சிம்ஸும் இதற்கு ஒரு வழி தேடிப் பார்த்தது. 2005ல் வந்த கன்சோல் சிம்ஸ் 2ல், சிம்மையே குச்சியால் நேராக நடத்திக்கொண்டு போகலாம். சிம்ஸ் 4 அந்த வழியில் போகவில்லை, கணினியில் இருந்த கர்சரையே குச்சிக்கு மாற்றித் தந்தது.

நல்ல செய்தி ஒன்று: யூஎஸ்பி சுட்டியையும் விசைப்பலகையையும் பிஎஸ்4ல் செருகினால் சிம்ஸ் 4 ஏற்றுக்கொள்ளும். கடையில் கிடக்கும் சாதாரணச் சுட்டி போதும். வீடு கட்டும்போது மட்டும் சுட்டி, வாழ்க்கை நடத்தும்போது கண்ட்ரோலர் என்று நான் வைத்துக்கொள்கிறேன்.

"ஓரத்தில் இருப்பது தெரியவில்லை", "எழுத்து பொடியாக இருக்கிறது"

திரையின் ஓரம் வெட்டுப்பட்டுப் பணமும் தேவைப் பட்டையும் பாதி மறைந்தால், பிஎஸ்4ல் செட்டிங்ஸ், சவுண்ட் அண்ட் ஸ்கிரீன், டிஸ்ப்ளே ஏரியா செட்டிங்ஸ் போய்ச் சட்டகத்தைச் சுருக்குங்கள். அதற்கும் முன்னால் தொலைக்காட்சியின் பட அளவு மெனுவில் "ஜஸ்ட் ஸ்கேன்" அல்லது "ஸ்கிரீன் ஃபிட்" இருந்தால் அதைப் போட்டுப் பாருங்கள்.

எழுத்து பொடியாகத் தெரிவதற்குக் காரணம் தூரம். கணினித் திரை இரண்டடியில் இருக்கும், தொலைக்காட்சி எட்டடியில். செட்டிங்ஸ், ஆக்சசிபிலிட்டி, ஜூம் என்பதை ஆன் செய்யுங்கள். பிறகு பிஎஸ் பட்டனையும் சதுரப் பட்டனையும் சேர்த்து அழுத்தினால் படம் பெரிதாகும். பாட்டிக்கு லயத்தைக் காட்டியது இப்படித்தான். மூன்றாவது வீட்டு வாசலைப் பெரிதாக்கியதும், "படி ஒண்ணு கூட போட்டுட்டியே, ரெண்டு படிதான்" என்றார்.

"சிம் நின்ற இடத்திலேயே கையை ஆட்டிக் கத்துகிறான்"

வழி அடைபட்டிருக்கிறது என்று சொல்கிறான். நாற்காலியை மேசையிலிருந்து ஒரு கட்டம் தள்ளுங்கள், கதவுக்கு முன்னால் இருப்பதை எடுங்கள். பெரும்பாலும் சரியாகிவிடும்.

வழி திறந்திருந்தும் அசையவில்லை என்றால் சீட்தான். முதலில் வேறு பெயரில் சேவ் செய்யுங்கள். சீட் போட்ட சேவில் அதற்குப் பிறகு டிராஃபி கிடைக்காது. எல்1, எல்2, ஆர்1, ஆர்2 நான்கையும் ஒன்றாக அழுத்தினால் ஒரு பெட்டி திறக்கும். அதில் "டெஸ்டிங்சீட்ஸ் ட்ரூ" என்று ஆங்கில எழுத்தில் அடியுங்கள். முதல் சொல் ஒட்டி, இரண்டுக்கும் நடுவில் ஒரு இடைவெளி. பிறகு வட்டப் பட்டனைப் பிடித்துக்கொண்டே சிம்மின் மேல் எக்ஸ் அழுத்துங்கள். "ரீசெட் ஆப்ஜெக்ட்" என்று ஒரு தேர்வு வரும். கணினியில் ஷிஃப்ட் பிடித்துக் கிளிக் செய்வதற்கு இங்கே இதுதான் ஈடு.

"யூடியூபில் இருக்கும் சேலை என் விளையாட்டில் இல்லை"

அது கணினியில் விளையாடும் ரசிகர்கள் தாங்களே செய்து போட்டுக்கொள்வது. கன்சோலில் மோடும், அதாவது ரசிகர்கள் விளையாட்டில் செய்யும் மாற்றமும் கிடையாது, அவர்கள் செய்த உடையும் கிடையாது. யூஎஸ்பியில் போட்டுச் செருகினாலும் ஏறாது. ஏற்றித் தருகிறேன் என்று யாராவது உங்களிடம் 50 வெள்ளி கேட்டால் கொடுக்காதீர்கள். எனக்கும் இது வருத்தம்தான். கேலரி மட்டும் கன்சோலிலும் உண்டு. மற்றவர்கள் கட்டிய வீடுகளை அங்கிருந்து இறக்கலாம். மும்பைத் தெரு உடைகளை மனத்தில் வைத்துச் செய்த ஃபேஷன் ஸ்ட்ரீட் என்ற கிட், அதாவது சின்ன பேக், 2021ல் வந்தது. அது கன்சோலுக்கும் கிடைக்கும்.

"காசு கொடுத்து வாங்கிய பேக் காணோம்"

இதில்தான் நம் ஊர்ப் பிள்ளைகள் அதிகம் ஏமாறுகிறார்கள்.

முதலில் எளிய வழி. செட்டிங்ஸ், அக்கவுண்ட் மேனேஜ்மென்ட், ரீஸ்டோர் லைசென்சஸ். ஒரு நிமிட வேலை. கன்சோலை அணைத்து ஏற்றிப் பாருங்கள்.

வரவில்லையா? இரவல் வாங்கிய அல்லது இணையத்தில் மலிவாக வாங்கிய விளையாட்டுத் தட்டில் (டிஸ்க்கில்) விளையாடுகிறீர்களா? பெட்டியின் முதுகைப் பாருங்கள். மலேசியாவில் விற்கும் தட்டுகள் வழக்கமாக ஆர்3, அதாவது ஆசிய வட்டாரம். அமெரிக்கத் தட்டு ஆர்1, ஐரோப்பியத் தட்டு ஆர்2. பிஎஸ்4 எந்த வட்டாரத் தட்டையும் ஓட்டும், அங்கேதான் நாம் ஏமாறுகிறோம். பேக்கும் தட்டும் ஒரே வட்டாரமாக இருந்தால்தான் ஒன்றையொன்று அடையாளம் காணும். உங்கள் கணக்கு மலேசியக் கணக்கு, வாங்கிய பேக் ஆசியப் பேக், தட்டு ஐரோப்பியத் தட்டு. பேக் கன்சோலில் இறங்கித்தான் இருக்கும், விளையாட்டுக்குத்தான் அது கண்ணில் படாது.

தீர்வு செலவில்லாதது. அடிப்படை விளையாட்டு இலவசம்தானே. தட்டை வெளியே எடுத்து, அந்த விளையாட்டை நீக்கிவிட்டு, உங்கள் மலேசியக் கணக்கின் ஸ்டோரிலிருந்தே சிம்ஸ் 4ஐ இறக்குங்கள். பேக்குகள் வந்து சேர்ந்துகொள்ளும். ஆனால் ஒன்று: பழைய தட்டில் செய்த சேவ் பெரும்பாலும் புதியதில் தெரியாது. கட்டிய வீட்டையும் குடும்பத்தையும் முன்கூட்டியே கேலரியில் ஏற்றிவையுங்கள், அங்கிருந்து திரும்ப இறக்கிக்கொள்ளலாம்.

அண்ணன் கணினியில் வாங்கிய பேக் தம்பியின் பிஎஸ்4க்கு வராது. இரண்டிலும், சிம்ஸை வெளியிடும் இஏ நிறுவனத்தின் ஒரே கணக்கு என்றாலும் வராது.

"விளையாட்டின் மேல் பூட்டுப் படம்"

இணையம் இல்லாத நாளில் மட்டும் இது வரும். விளையாட்டு யாருடையது என்று கன்சோலால் கேட்டுப் பார்க்க முடியவில்லை, அதனால் பூட்டிவிட்டது. தோட்டத்துப் பக்கம் செம்பனைக்கு நடுவில் அலைவரிசை விட்டு விட்டு வரும் வீடுகளில் இது அடிக்கடி நடக்கும். இணையம் இருக்கும் நேரமாகப் பார்த்து செட்டிங்ஸ், அக்கவுண்ட் மேனேஜ்மென்ட், "ஆக்டிவேட் அஸ் யுவர் பிரைமரி பிஎஸ்4" போய் ஆக்டிவேட் கொடுங்கள். அதன் பிறகு இணையமே இல்லாமலும் விளையாடலாம். கேலரிக்கு மட்டும்தான் இணையம் வேண்டும்.

"சிஇ-34878-0 என்று வந்து வெளியே தள்ளிவிட்டது"

இந்த எண் விளையாட்டு நின்றுவிட்டது என்பதைத் தவிர வேறு எதையும் சொல்லவில்லை. ஏன் நின்றது என்பதை நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும். எங்கே நிற்கிறது என்று கவனியுங்கள்.

ஒரே ஒரு மனைக்குள் போகும்போது மட்டும் நிற்கிறது என்றால் குற்றம் அந்த மனையில். மேனேஜ் வேர்ல்ட்ஸில் அந்தக் குடும்பத்தை வேறு வீட்டுக்கு மாற்றி விளையாடிப் பாருங்கள். புதிய சேவ் தொடங்கினாலும் நிற்கிறது என்றால் விளையாட்டுக் கோப்பில் சிக்கல். அப்போதுதான் நீக்கி ஏற்ற வேண்டும். விளையாட்டை மட்டும் நீக்கினால் சேவ் அழியாது, பயப்பட வேண்டாம். "இனிஷியலைஸ்" என்ற சொல்லைக் கண்டால் மட்டும் கையை எடுத்துவிடுங்கள். அந்தப் பையன் தட்டியது அதைத்தான்.

மதிய வெயிலில் மட்டும் நிற்கிறது என்றால் சூடு. தகரக் கூரைக்குக் கீழே, தொலைக்காட்சி அலமாரிக்குள், பின்னால் துணி. மின்விசிறி ஜெட் விமானம் மாதிரி சத்தம் போடும். வெளியே எடுத்து வையுங்கள், காற்றுத் துளைகளைத் தூரிகையால் சுத்தம் செய்யுங்கள். நான் திறந்த பிஎஸ்4களில் எறும்புப் புற்று பார்த்திருக்கிறேன், காய்ந்த பல்லி பார்த்திருக்கிறேன். பக்கத்தில் மைலோ வைத்துக்கொண்டு விளையாட வேண்டாம்.

"கரண்டு போச்சு, சேவ் திறக்கவில்லை"

நான்கு மணிக்கு இடி, ஐந்து மணிக்கு இருட்டு. சேவ் ஆகிக்கொண்டிருந்த நொடியில் மின்சாரம் போனால் அந்தக் கோப்பு பாதி எழுதியபடி நின்றுவிடும்.

மின்சாரம் வந்ததும் பிஎஸ்4 சரியாக அணைக்கப்படவில்லை என்று சொல்லி சேமிப்பகத்தைச் சோதிக்கும். சோதிக்க விடுங்கள், நடுவில் அணைக்காதீர்கள். அதற்குப் பிறகும் சேவ் திறக்கவில்லை என்றால் கன்சோலை அணைத்துவிட்டு, மின் பட்டனை அழுத்திப் பிடியுங்கள். முதலில் ஒரு பீப், ஏழு நொடி கழித்து இன்னொரு பீப். அப்போது விடுங்கள். சேஃப் மோட் வரும். கண்ட்ரோலரைக் கம்பியால் இணைத்து ஐந்தாவதாக இருக்கும் "ரீபில்ட் டேட்டாபேஸ்" கொடுங்கள். இது எதையும் அழிக்காது, ஆனால் நேரம் எடுக்கும். அப்புறமும் திறக்கவில்லை என்றால் அந்த சேவை விட்டுவிட்டு முந்தையதைத் திறங்கள். முந்தையது ஒன்று இருந்தால்.

அது இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் பிள்ளைகளிடம் இரண்டு சேவ் வைக்கச் சொல்கிறேன், ஒரு நாள் ஒன்றில், மறுநாள் மற்றதில். இடி கேட்டால் சேவ் செய்து, அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். எச்டிஎம்ஐ கம்பியையும் எடுங்கள், மின்னல் ஆண்டெனா வழியாகவும் வரும்.

யூஎஸ்பிக்கு எடுப்பது இப்படி. செட்டிங்ஸ், அப்ளிகேஷன் சேவ்ட் டேட்டா மேனேஜ்மென்ட், சேவ்ட் டேட்டா இன் சிஸ்டம் ஸ்டோரேஜ், காப்பி டு யூஎஸ்பி ஸ்டோரேஜ் டிவைஸ். சிம்ஸ் 4ஐத் தேர்ந்தெடுத்து காப்பி கொடுங்கள். யூஎஸ்பி எக்ஸ்ஃபேட் அல்லது ஃபேட்32 வடிவில் இருக்க வேண்டும். திரும்ப ஏற்றும்போது அதே கணக்கில்தான் ஏறும், தம்பியின் கணக்கில் ஏறாது.

யூஎஸ்பியும் இரண்டு வைத்துக்கொள்ளுங்கள். லயம் கட்டிய பெண் பிள்ளையின் யூஎஸ்பி ஒன்று என் கடை இழுப்பறையில் இருக்கிறது, பிளாஸ்டர் ஒட்டித் தேதி எழுதி. மற்றது அவள் பள்ளிப் பையில். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்து இரண்டையும் மாற்றிக்கொண்டு போவாள்.